நிற்காத கண்ணாடிக் குழல்: உடைந்ததும் இல்லை, முரானோவும் இல்லை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டி ஒன்றில் துணி சுற்றி வைத்திருந்த கண்ணாடிப் பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது. 28 செ.மீ. நீளம். ஊமத்தம்பூவை நிமிர்த்திப் பிடித்தது போன்ற வடிவம். வாய் கொசுவம் வைத்ததுபோல அலை அலையாக மடிந்திருக்கிறது. உடல் பச்சையோடிய மஞ்சள், வாயை நெருங்க நெருங்கப் பால் வெள்ளை. தண்டு லேசாக வளைந்து, ஒரு விரல் பருமனுக்கு ஒடுங்கி முடிகிறது. பாதம் இல்லை, எங்கே வைத்தாலும் உருளுகிறது. தண்டைச் சுற்றிக் கண்ணாடிக் கொடி ஒன்று ஏறுகிறது. கீழ்நுனியில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. உள்ளே சாய்வாக ஒரு வெண்கோடு, கழுவியும் போகவில்லை. பார்த்தவர்களில் ஒருவர் "இது முரானோ, வெனிஸ் பக்கத்துத் தீவுக் கண்ணாடி" என்றாராம். இன்னொருவர் "பாதம் உடைந்த பூச்சாடி, தூக்கிப் போடுங்கள்" என்றாராம். யார் சொன்னது சரி?

இருவர் சொன்னதும் இல்லை. உங்கள் கையில் இருப்பது எபெர்ன் என்ற மேசை மலர்த்தாங்கியின் பக்கக் குழல். 19ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் செய்தது, பெரும்பாலும் இங்கிலாந்து. உடையவில்லை. கூட இருந்தவற்றைப் பிரிந்து தனியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முழு எபெர்ன் எப்படி இருக்கும் என்று கேட்டால், கீழே விளிம்பு மடித்த அகலமான கண்ணாடித் தட்டு ஒன்று. அதன் நடுவில் பித்தளையிலோ வெள்ளி முலாம் பூசிய உலோகத்திலோ ஒரு குமிழ். குமிழில் நான்கு குழிகள். நடுக்குழியில் உயரமான நேர்க்குழல், சுற்றியுள்ள மூன்றில் வெளிப்பக்கம் சாய்ந்த சிறிய குழல்கள். சிலவற்றில் குழலுக்குப் பதிலாக, முறுக்கிய கண்ணாடிக் கம்புகளில் குட்டிக் கூடைகள் தொங்கும். ஒவ்வொரு குழலிலும் தண்ணீர் ஊற்றிப் பூவைச் செருகிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைப்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் இதே பெயரில் வெள்ளியில் செய்த தாங்கிகள் பழத்துக்கும் இனிப்புக்கும் ஆனவை. கண்ணாடிக்கு மாறியபோது பூவுக்கானதாக ஆகிவிட்டது. எபெர்ன் என்ற சொல் பிரெஞ்சு போல ஒலிக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இதை அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்கு இது சுர்த்தூ.

சரி, நீங்கள் அனுப்பிய படங்களை வைத்து இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நிறத்தை வைத்து இல்லை. பழைய ஊதுகண்ணாடி கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் நிறத்துக்கும் வாய்க்கும்தான் போகும். செய்தவர் நாம் பார்க்க வேண்டும் என்று நினைத்த இடங்கள் அவை. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அவர் விட்டுவிட்ட இடம் அடிப்பக்கம். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஊதுகண்ணாடியில் அடிப்பக்கம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஊதுகுழலின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுழற்றி எடுத்து, ஊதி, உருட்டி, இழுத்து வடிவம் கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் பொருளின் வாய் இருக்க வேண்டிய இடம் ஊதுகுழலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வாயை விரிக்க வேண்டும் என்றால் பொருளை மறுபக்கத்திலிருந்து பிடித்தாக வேண்டும். அதற்காகப் பான்டில் என்ற இரும்புக் கம்பியை, ஒரு துளி உருகிய கண்ணாடியைப் பசை மாதிரி வைத்து அடியில் ஒட்டுவார்கள். அப்புறம் ஊதுகுழலைப் பிரித்துவிட்டு, வாயை மறுபடி சூட்டில் காட்டி, விரித்து, மடித்து முடிப்பார்கள். கடைசியில் கம்பியை ஒரு தட்டு தட்டினால் பிரிந்துவிடும். ஒட்டியிருந்த இடத்தில் தழும்பு நிற்கும்.

பூச்சாடி, கிண்ணம் போன்றவற்றில் அந்தத் தழும்பு மேசையைக் கீறும், கண்ணிலும் படும். அதனால் நல்ல பட்டறைகள் அதைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றிவிடும். அடியில் காசு அளவுக்கு வழவழப்பான குழி மட்டும் தெரியும். எபெர்ன் குழலுக்கு அந்தச் செலவு தேவையில்லை. நுனி உலோகக் குழிக்குள் போய்விடும், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே தழும்பை அப்படியே விட்டார்கள், அல்லது குழியில் உட்காரும் அளவுக்கு மட்டும் தட்டையாக அரைத்தார்கள். உங்கள் மூன்றாவது படத்தில் வெள்ளைப் பொருளின் ஓரத்தில் அந்தத் தழும்பின் கால்வட்டம் தெரிகிறது.

உடைந்ததா, தழும்பா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடி உடைந்தால் உடைந்த முகத்தில் சிப்பியின் உட்புறம் போல வளைந்த அலைகள் இருக்கும், பளபளக்கும், ஓரம் நகத்தைப் பிடிக்கும். பான்டில் தழும்பு வட்டமான எல்லைக்குள் அடங்கி இருக்கும். நடுவில் கொஞ்சம் கரடுமுரடு, சுற்றியுள்ள கண்ணாடி நெருப்பில் இளகி வழவழப்பாக ஆனது. அதைவிட முக்கியமாக, தழும்பை நோக்கித் தண்டின் சுவர் இயல்பாக ஒடுங்கி மூடிக்கொள்ளும். பாதம் உடைந்த சாடியாக இருந்தால் ஒடுங்கிய தண்டு மறுபடி விரியத் தொடங்கும் இடத்தில் முறிவு இருக்கும். உங்களுடையது விரியவே இல்லை. அதற்குப் பாதம் எப்போதும் இருந்ததில்லை.

இனி அந்த வெள்ளைப் பொருள். அது பிளாஸ்டர். குழலைக் குழியில் வைத்து ஆடாமல் இருக்கப் பிளாஸ்டரைக் குழைத்து அடைப்பார்கள். தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள். நான் ஒரு முறை சுரண்டியிருக்கிறேன். இதே மாதிரி ஒரு குழல், அழுக்கு என்று நினைத்துப் பேனாக்கத்தியால் நெம்பினேன், ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்து தரையில் விழுந்து பொடியானது. பல மாதம் கழித்து அதற்குப் பொருந்துவது போலத் தோன்றிய ஒரு பித்தளைக் குமிழ் கைக்கு வந்தது. பொருந்துகிறதா என்று உறுதிசெய்ய அந்தப் பிளாஸ்டர் வளையத்தின் விட்டமும் ஆழமும்தான் வேண்டியிருந்தது. அது குப்பைக்குப் போய்விட்டது. உங்கள் வளையத்தை இன்றைக்கே அளந்து எழுதி வைத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் நீங்கள் குறை போலச் சொன்ன அந்த உள்கோடு. "சாய்வாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் தயங்கியிருப்பேன். தண்ணீர் நிற்கும் பாத்திரத்தில் நீர்மட்டத்தின் ஓரத்தில் உப்பு படியும், வருஷக்கணக்கில் படிந்தால் வளையமாகத் தெரியும். நேராக நிற்கும் சாடியில் அந்த வளையம் விளிம்புக்கு இணையாகச் சுற்றி வரும். பாத்திரம் சாய்ந்து நின்றால் பாத்திரம்தான் சாயும், தண்ணீர் சாயாது. அதனால் கோடு பாத்திரத்தின் அச்சுக்குக் குறுக்கே சரிவாக விழும். உங்கள் குழலை அந்தக் கோடு கிடைமட்டமாக வரும்படி கையில் பிடித்துப் பாருங்கள். அந்தக் கோணத்தில்தான் அது எத்தனையோ காலம் மேசைமேல் சாய்ந்து நின்றது. தண்டின் வளைவும் அதே பக்கம் போகிறதா என்று பாருங்கள்; போகும். நடுக்குழலாக இருந்தால் தண்டும் நேராக இருக்கும், கோடும் நேராக இருக்கும். இது பக்கத்தில் நின்ற மூன்றில் ஒன்று.

அந்தக் கோட்டைப் போக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெறும் உப்புப் படிவம் என்றால் நீர்த்த வினிகரில் கரையும். ஆனால் தண்ணீர் நீண்ட காலம் நின்ற இடத்தில் கண்ணாடியிலிருந்து கார உப்புகள் கரைந்து வெளியேறி மேற்பரப்பே அரித்துப்போயிருக்கவும் கூடும். அது கறை இல்லை, காயம். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. எதுவானாலும் முதலில் கோடு தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வினிகரைப் பற்றி யோசிக்கலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

நிற்காத கண்ணாடிக் குழல் என்றதும் வேறு சில பொருள்களும் நினைவுக்கு வரும். அவற்றை ஒதுக்கிவிட்டு மேலே போவோம். குதிரைமேல் இருப்பவருக்குக் கீழிருந்து நீட்டும் பாதமில்லாத மதுக்கோப்பைகள் உண்டு, ஒரே மூச்சில் குடித்துத் திருப்பித் தரவேண்டியவை. கொசுவிய வாயில் உதடு வைத்துக் குடிக்க முடியாது, ஆகவே அது இல்லை. பழைய கார்களுக்குள் உலோக வளையத்தில் மாட்டிய பூக்குழல்கள் வடிவத்தில் இதற்கு நெருக்கம். ஆனால் அவற்றின் கீழ்நுனி வெளியே தெரியும், அதனால் அழகாக முடித்திருப்பார்கள். பிளாஸ்டருக்கு அங்கே வேலை இல்லை. கையில் பிடிக்கும் பூச்செண்டுக் கூம்பு இதில் பாதி நீளம்தான் வரும். விளக்கு மூடியும் கண்ணாடி ஊதுகொம்பும் இரண்டு பக்கமும் திறந்தவை.

இப்போது நிறத்துக்கு வரலாம். பச்சையோடிய மஞ்சள், அதுவும் படத்திலேயே கொஞ்சம் எண்ணெய்ப் பசை போல மின்னுவது, யுரேனியக் கண்ணாடிக்கு உரியது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். யுரேனியத்தை 1789இல் ஜெர்மன் வேதியியலாளர் கிளாப்ரோத் கண்டறிந்தார். அணுசக்தி பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலத்திலேயே அது கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சாயமாகிவிட்டது. 1830களில் பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கண்ணாடித் தயாரிப்பாளர் யோசெஃப் ரீடல் மஞ்சளிலும் பச்சையிலும் இரண்டு வகை செய்து, தன் மனைவி அன்னாவின் பெயரையே வைத்தார்: அன்னாகெல்ப், அன்னாக்ரூன். பின்னாளில் பெட்ரோலிய ஜெல்லியின் நிறம் என்று சொல்லி இதற்கு வேஸலின் கண்ணாடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வழக்கமான அளவு எடையில் 2 சதவீதம் போல இருக்கும். அலமாரியில் வைப்பதாலோ கையில் எடுப்பதாலோ ஆபத்து இல்லை. செய்யக் கூடாதது அதை அரைப்பதும் துளையிடுவதும்தான், தூள் மூச்சில் போகக் கூடாது.

சோதிக்கப் புறஊதா டார்ச் போதும். அறையை இருட்டாக்கி அடித்தால் யுரேனியக் கண்ணாடி பளீர் என்று பச்சையாக எரியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாங்கனீஸ் கலந்த பழைய கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். 365 நானோமீட்டர் டார்ச்சில் இரண்டுமே ஒளிரலாம். 395 நானோமீட்டர் டார்ச்சில் மாங்கனீஸ் ஏறக்குறைய அணைந்துவிடும், யுரேனியம் அணையாது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 395தான், இந்த வேலைக்கு அதுவே நல்லது. இன்னொன்று: ஒளிர்வது வயதுக்குச் சான்று இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் கண்ணாடிக்குக் கிடைக்காமல் போய், பிறகு மறுபடி கிடைத்தது. இன்றைக்கும் யுரேனியக் கண்ணாடி செய்கிறார்கள். "ஒளிருது, அப்போ நூறு வருஷப் பழசு" என்பவரிடம் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

வாய்ப்பக்கத்துப் பால் வெள்ளை வேறு சங்கதி. அது பூசியதோ மேலே ஒட்டியதோ இல்லை. உருகும் கலவையிலேயே எலும்புச் சாம்பல் போன்ற பொருள்கள் சேர்ந்திருக்கும். பொருளைச் செய்து, கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு பகுதியை மட்டும் உலைவாயில் மறுபடி காட்டினால், அந்தப் பகுதிக்குள் நுண்ணிய துகள்கள் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். சூடு எங்கே அதிகம் பட்டதோ அங்கே அடர்த்தி, தள்ளிப்போகப் போக மங்கல். ஆகவே வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையில் வெட்டு எல்லை இருக்காது. வாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளையாக இருந்த இடம், ஊடே பார்க்கும்போது இளஞ்செம்மஞ்சளாக மாறினால் இதுதான். காலை வானமும் மாலை வானமும் ஒரே விளிம்பில் இருப்பது போல இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மணிக்கணக்கில் பார்க்கிற எனக்கும் இது அலுத்ததில்லை.

தண்டைச் சுற்றிய கொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஓர் உதவியாளர் உருகிய கண்ணாடியைக் கொண்டுவந்து கீழே ஒட்டுவார். தலைமைக் கைவினைஞர் குழலைச் சுழற்றிக்கொண்டே அதைச் சுற்றுவார். சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் கிள்ளிக்கொண்டே போவார். தொடங்கிய இடத்தில் கொடி ஒரு குமிழாகத் தடித்திருக்கும், முடிந்த இடத்தில் நூலாக இழுபட்டு அறுந்திருக்கும். ஆக எந்தத் திசையில் வேலை நடந்தது என்றுகூடத் தெரியும். கிள்ளல்களின் இடைவெளியை எண்ணிப் பாருங்கள். கையால் கிள்ளியது என்றால் தொடக்கத்தில் நெருக்கம், போகப் போக அவசரம். ஏனென்றால் கண்ணாடி இறுகிக்கொண்டே வருகிறது. படத்தில் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எல்லாம் ஒரே அளவாக இருந்து, உடலில் எதிரெதிராக இரண்டு மெல்லிய நேர்கோடுகளும் ஓடினால் அது அச்சில் ஊதியது. இன்னொரு வகை அச்சில் அழுத்தியது: உருகிய கண்ணாடியை அச்சில் கொட்டி உலக்கை போன்ற உருளையால் அமுக்குவது. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இருந்த டேவிட்சன் நிறுவனம் 1889இல் பேர்லைன் என்ற பெயரில் காப்புரிமை பெற்றுச் செய்த மஞ்சள்–வெள்ளைப் பாத்திரங்கள் அந்த வகை. நிறம் உங்களுடையதைப் போலவே இருக்கும், தயாரிப்பு முற்றிலும் வேறு.

முரானோ என்றவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்ணமும் வளைவும் சுருளும் உள்ள எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் வாய் தானாக முரானோ என்கிறது. 1291இல் வெனிஸ் அரசு தீ விபத்துக்கு அஞ்சி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது முதல் அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் அந்த மதிப்பாலேயே மற்ற எல்லாருடைய வேலையும் அதன் கணக்கில் எழுதப்படுகிறது. 1950, 60களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஹ்ரிப்ஸ்கா உலையில் யோசெஃப் ஹொஸ்போட்கா வடிவமைத்த சாடிகளும் ஷ்கர்ட்லோவிட்ஸே உலையின் கனத்த கிண்ணங்களும் இன்றுவரை முரானோ என்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. முரானோவிலும் யுரேனியம் பயன்படுத்தினார்கள், அதனால் டார்ச் இந்த வழக்கைத் தீர்க்காது. தீர்க்க வேண்டுமானால் எடையைக் கேட்க வேண்டும்.

முரானோக் கண்ணாடி சோடாக் கண்ணாடி, அதாவது மணலை உருக்கச் சோடா உப்பு சேர்த்தது. பொஹீமியாவில் அதற்குப் பதில் பெரும்பாலும் பொட்டாஷ் உப்பு. இங்கிலாந்தில் 1674இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காப்புரிமை பெற்றதிலிருந்து உயர்தரக் கண்ணாடி என்றால் ஈயம் கலந்தது. சோடா, பொட்டாஷ் இரண்டின் அடர்த்தியும் 2.5 அக்கம்பக்கம். ஈயக் கண்ணாடி 2.9, 3.0, அதற்கு மேலும் போகும். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். முதலில் குழலை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நீளமான டப்பாவில் தண்ணீர் விட்டு மின்னணுத் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். குழலை நூலில் கட்டி, வாய் சற்று மேல்நோக்கி இருக்கத் தண்ணீருக்குள் இறக்குங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது, டப்பாவின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கண்ணாடியின் கனஅளவு. குழல் 348 கிராம், தராசு 119 காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 348ஐ 119ஆல் வகுக்க 2.92. ஈயம். அதுவே 140 காட்டினால் 2.49, ஈயம் இல்லை. பிளாஸ்டர் ஒட்டியிருப்பதால் இரண்டாம் தசமம் கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. ஒரு நிமிடத்துக்குள் எடுத்துத் துடைத்து நிழலில் உலர்த்திவிட்டால் பிளாஸ்டருக்கும் ஒன்றும் ஆகாது.

விரலால் சுண்டி மணியோசை வருகிறதா என்று பார்க்கும் வழி ஒன்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓசை வடிவத்தையும் பொறுத்தது. மடிந்த மெல்லிய விளிம்பைச் சுண்டுவது வேறு வேண்டாத வேலை. சிற்றலைப் புறஊதாவில் ஈயக் கண்ணாடி நீலம் காட்டும் என்பார்கள். உங்கள் குழலில் யுரேனியத்தின் பச்சை அதை மூழ்கடித்துவிடும்.

அடர்த்தி 2.9 பக்கம் வந்தால் இங்கிலாந்து என்பது கிட்டத்தட்ட முடிந்தது. 2.5 பக்கம் வந்தால் பொஹீமியாவுக்கும் வாசல் திறந்திருக்கிறது, அங்கேயும் ஏற்றுமதிக்கு இதே பாணியில் செய்தார்கள். முரானோவை மட்டும் அப்போதும் சேர்க்க மாட்டேன். உலோகக் குழி, பிளாஸ்டர், பக்கக் குழல் என்ற இந்த அமைப்பே ஆங்கிலேயர் மேசைக்கு உரியது.

ஏன் அந்தக் காலம், ஏன் அந்த ஊர் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் நூறு ஆண்டுகளாகக் கண்ணாடிக்கு எடையின் பேரில் வரி இருந்தது. கூடுதலாகக் கொடி சுற்றினால் கூடுதல் வரி என்றால் யார் சுற்றுவார்கள்? 1845இல் அந்த வரி போனது. அப்புறம் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்து உலைகள் வண்ணத்திலும் ஒட்டுவேலையிலும் புகுந்து விளையாடின. தாமஸ் வெப், ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட்சன் ஆகியவை அங்கே. பர்மிங்காமில் ஜான் வால்ஷ் வால்ஷ். லண்டனில் ஒயிட்ஃபிரையர்ஸ் உலையை நடத்திய ஜேம்ஸ் பவல். யுரேனியமும் தங்கமும் சேர்த்த பர்மீஸ் கண்ணாடிக்கு அமெரிக்காவின் மவுன்ட் வாஷிங்டன் நிறுவனம் 1885இல் காப்புரிமை பெற, மறு ஆண்டே வெப் அதன் உரிமத்தை வாங்கிச் செய்தது. அந்த அளவுக்கு அப்போது இந்த நிறங்களுக்கு மவுசு.

இவர்களில் யார் உங்கள் குழலைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை, மற்றவர் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எபெர்ன் குழலில் முத்திரை இருக்காது. தட்டின் அடியிலோ உலோகத்திலோதான் ஏதாவது இருந்தால் இருக்கும். வடிவமைப்பைப் பதிவு செய்திருந்தால் 1842 முதல் 1883 வரை சாய்சதுரக் குறி, 1884 முதல் ஆர்டி என்ற இரண்டு எழுத்துக்குப் பின் ஓர் எண். அந்த எண் கிடைத்தால் பதிவேட்டில் பார்த்து நிறுவனத்தையும் ஆண்டையும் எடுத்துவிடலாம். குழல் மட்டும் தனியாக இருக்கும்போது பெயர் ஒட்டுவது ஆசையினால்தான்.

பின்னால் செய்த நகல் இல்லையா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவின் ஃபென்டன் நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நிறைய எபெர்ன்கள் செய்தது, பால் வெள்ளை விளிம்போடு கூட. ஆனால் அவற்றின் கொம்புகள் அச்சில் செய்தவை. கீழ்நுனி கனத்த முளையாக, பனி படர்ந்தது போல அரைத்து, தட்டில் உள்ள துளையிலேயே நேரே உட்காரும்; பிளாஸ்டரும் கிடையாது, பித்தளையும் கிடையாது. அண்மைக்கால நகல்கள் இன்னும் கனமாக, கொசுவம் தடித்துச் சோம்பலாக இருக்கும். உங்கள் வாய் விளிம்பு மடிப்பின் உச்சியில் 2 மி.மீ.கூட இல்லை என்று அளவுகோல் வைத்த படத்தில் தெரிகிறது. அந்த மெலிவை நகல் செய்பவர்கள் விரும்புவதில்லை, அனுப்பும் வழியிலேயே உடைந்துவிடும்.

வைத்துக்கொள்வது எப்படி என்றால், நிற்கவைக்க எந்தப் பசையும் வேண்டாம். கனமான அகலக் கண்ணாடிக் குவளை ஒன்றில் உலர்ந்த மணலை நிரப்பி, குழலை அதன் பழைய சாய்வில் செருகி வையுங்கள். கழுவினால் வெதுவெதுப்பான தண்ணீர், கீழே மடித்த துணி; பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் மேற்பரப்பு மங்கிவிடும். குளிர்ந்த கண்ணாடியில் சுடுநீர் ஊற்றினால் கொடி ஒட்டிய இடத்திலேயே விரிசல் ஓடும், அங்கேதான் தடிமன் சட்டென்று மாறுகிறது.

அப்புறம் அந்தப் பெட்டி. அதை இன்னொரு முறை கொட்டிப் பாருங்கள். எபெர்னைப் பிரித்து வைக்கும்போது குழல்களைத் தனித்தனியே துணியில் சுற்றுவது வழக்கம். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம். உலோகக் குமிழைப் பழைய விளக்கின் பாகம் என்று நினைத்து யாராவது ஒதுக்கியிருப்பார்கள். தட்டு பெரும்பாலும் தனியாகப் பிழைத்திருக்கும், ஏனென்றால் அது தட்டாகவே பயன்பட்டுவிடும். மஞ்சள் பச்சையில், விளிம்பு கொசுவி, நடுவில் ஏன் இருக்கிறது என்று யாருக்கும் புரியாத ஒரு துளையோடு ஏதாவது கண்ணாடித் தட்டு வீட்டில் இருந்தால், பிளாஸ்டர் வளையத்தின் அளவோடு சேர்த்து அதன் துளையின் விட்டத்தையும் எனக்கு எழுதுங்கள்.